கிறெகர் மக்கிறெகர்: இரு நாட்டு நம்பிக்கையைக் காத்தவர்

துடுப்பாட்டம் காணச் செல்வோருடைய கண்கள் பெரும்பாலும் பந்து வீசுவோரையும் அதனை அடிப்போரையுமே நாடிச் செல்லும். விக்கெற்றின் பின்னே நாள் முழுவதும் குனிந்தும் நிமிர்ந்தும் நிற்கின்ற காப்பாளரை நோக்குவார் மிகச் சிலர். அவர் ஒரு பந்தைத் தவறவிடின் அரங்கமே அவரைப் பார்க்கும். நூறு பந்துகளைப் பிசகின்றிப் பற்றினால் அதனைக் கணக்கிலே எழுதுவதற்கு ஓர் இடந்தானும் இல்லை. பிழை செய்தாற் பெயர் பெறுவதும், பிழையின்றிச் செய்தால் மறக்கப்படுவதும் காவற்றொழிலுக்கு இயல்பு. அத்தொழிலைத் தமது வாழ்நாளின் சிறந்த பகுதி முழுவதும் விரும்பிச் செய்தவர் ஒருவருடைய வரலாற்றை இங்கே எடுத்துரைப்பாம். அவர் பெயர் கிறெகர் மக்கிறெகர். ஸ்கொத்லாந்திலே பிறந்து, கோடைக்காலத்தில் இங்கிலாந்துக்காகத் துடுப்பாட்டமும், மாரிக்காலத்தில் ஸ்கொத்லாந்துக்காக றக்பியும் ஆடியவர் அவர்.

1869ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 31ஆந் திகதி எடின்பரோ நகரிலே மக்கிறெகர் பிறந்தார். அப்பெயருக்கு ஸ்கொத்லாந்தின் சரித்திரத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. 1603ஆம் ஆண்டில், ஆறாம் ஜேம்ஸ் மன்னன் மக்கிறெகர் என்னும் குலப்பெயரை எவரும் தாங்கலாகாது எனத் தடை விதித்தான். அம்மன்னனே அதே ஆண்டில் இங்கிலாந்தின் முடியையும் பெற்று இலண்டனுக்குச் சென்றவன். இரு நாட்டு முடிகளும் ஒரு தலையிற் சேர்ந்த ஆண்டும், மக்கிறெகர் என்னும் பெயர் சட்டத்தால் அழிக்கப்பட்ட ஆண்டும் ஒன்றே. அக்குலத்தார் வேறு வேறு பெயர்களைப் புனைந்து மறைந்து வாழ்ந்தனர். சேர் வோல்ற்றர் ஸ்கொத் 1817ஆம் ஆண்டில் எழுதிய நாவலின் தலைவனாகிய றொப் றோய் என்பானும் இக்குலத்தவனே. இடையிற் சிறிது காலந் தளர்ந்து மீண்டும் இறுகிய அத்தடை 1774ஆம் ஆண்டிலேயே முற்றாக நீங்கியது. தடை நீங்கி நூறாண்டுகள் சென்ற பின்னர், அப்பெயர் தாங்கிய ஓர் இளைஞர் இங்கிலாந்தின் விக்கெற்றைக் காக்கும் பொறுப்பைப் பெற்றார் என்பதை நினையுங்கால், காலத்தின் போக்கு வியப்பைத் தருகின்றது.

இளமையில் அவர் இங்கிலாந்திலுள்ள அப்பிங்ஹம் பாடசாலையிற் கல்வி பயின்றார். 1861ஆம் ஆண்டு முதன்முதலாக அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற ஆங்கில அணியின் தலைவராகிய ஸ்ரீவன்சன், அக்காலத்தில் அப்பாடசாலையின் பயிற்றுநராக இருந்தார். அவருடைய பயிற்சியால் அப்பிங்ஹம் சிறந்த ஆட்டக்காரர் பலரைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி வந்தது. அவ்வழியே மக்கிறெகரும் கேம்பிரிட்ஜ் சென்று ஜீசஸ் கல்லூரியிற் சேர்ந்தார்.

அக்கல்லூரியில் அவருக்கு ஒரு நண்பர் வாய்த்தார். அவர் சிட்னியிலே பிறந்தவராகிய சாமி வூட்ஸ். பேருடலும் பெருஞ்சிரிப்பும் படைத்தவர். மிக்க வேகமாகப் பந்து வீசுபவர். வேகப்பந்துக்குக் காப்பாளர் பல அடி தூரம் பின்வாங்கி நிற்பதே இன்றைய வழக்கம். அன்றோ, திறமையுள்ள காப்பாளர் தடிகளை ஒட்டியே நிற்பர். வூட்ஸ் வீசும் பந்துக்கும் மக்கிறெகர் தடிகளின் அருகிலேயே நின்றார். இதனால் துடுப்பாட்டக்காரர் கோட்டைத் தாண்டி ஓரடி வைப்பதற்கும் அஞ்சினர். சற்றே கால் பெயர்ந்தால் தடிகள் சரிந்துவிடும். அக்காலத்துக் கையுறைகள் மெல்லியவை. துடுப்பிற் பட்டு வழி மாறி வரும் பந்து விரலை முறிக்கவும், முகத்தைச் சிதைக்கவும் வல்லது. நண்பனின் வேகத்தை நன்கறிந்து, அவன் கையசைவைக் கொண்டே பந்தின் வழியை முன்னுணர்ந்து நின்றாலன்றி அவ்விடத்தில் நிற்றல் அரிது. ஆரவாரமான தாவலும் பாய்ச்சலும் மக்கிறெகரிடம் இல்லை. கைகள் பந்து வருமிடத்தில் முன்னரே சென்று காத்திருப்பன போலத் தோன்றும். எளிதாகச் செய்ததனாலேயே அது எளிய செயலென்று எண்ணினாரும் உளர்.

1888 முதல் 1891 வரை நான்காண்டுகள் கேம்பிரிட்ஜுக்காக ஆடிய அவர், ஒக்ஸ்போட்டிடம் ஒருமுறையேனும் தோற்றிலர். முதலாண்டுப் போட்டி முடிவின்றிப் போயிற்று. ஏனைய மூன்றிலும் கேம்பிரிட்ஜ் வென்றது. 1890இல் சசெக்ஸ் அணிக்கெதிராகப் பிறைற்றன் நகரை அடுத்துள்ள ஹோவ் மைதானத்திற் கேம்பிரிட்ஜ் 9 விக்கெற்றுக்கு 703 ஓட்டங்கள் குவித்தபோது, மக்கிறெகர் தாமும் 131 ஓட்டங்கள் எடுத்தார். 1891இல் அவரே அணித்தலைவர். ஒக்ஸ்போட்டுக்கெதிரான போட்டியில் வெற்றிக்கு வேண்டியவை தொண்ணூறு ஓட்டங்களேயாயினும், எட்டு விக்கெற்றுகள் வீழ்ந்து நெருக்கடி நேர்ந்தது. அவ்வேளை ஆடுகளம் புகுந்த வூட்ஸ், தாம் எதிர்கொண்ட முதற்பந்தையே எல்லைக்கு அனுப்பி நண்பரின் தலைமைக்கு வெற்றியைத் தேடித் தந்தார்.

பல்கலைக்கழக மாணவராக இருக்கும்போதே, 1890ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அவுஸ்திரேலியாவுக்கெதிரான லோட்ஸ் டெஸ்ற் போட்டிக்கு அவர் தெரிவு செய்யப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபது. அணித்தலைவர் டபிள்யூ. ஜி. கிறேஸ். எதிரணியின் விக்கெற்றைக் காத்தவர், அக்காலக் காப்பாளருள் முதல்வரெனப் போற்றப்பட்ட பிளக்ஹம். காப்பாளர் விடும் பந்தினால் எதிரணிக்குக் கிடைக்கும் உதிரி ஓட்டத்தைப் பை என்பர். அப்போட்டியில் நான்கு இன்னிங்ஸ்களிலும் ஒரு பை ஓட்டந்தானும் விளையவில்லை. அனுபவமிக்க பிளக்ஹமும் இருபது வயது மாணவரும் ஒருவர்க்கொருவர் இளையாதவராக நின்றனர். இங்கிலாந்து ஏழு விக்கெற்றுகளால் வென்றது. மக்கிறெகரின் பங்கு யாது என வினவின், ஓட்டப் பலகையிலே பைக்குரிய இடத்தில் நின்ற பூச்சியமே விடையாகும்.

அடுத்த மாதம் ஓவல் மைதானத்தில் நிகழ்ந்த போட்டி இன்னும் நெருக்கமானது. 95 ஓட்டங்களை நாடி ஆடிய இங்கிலாந்து எட்டு விக்கெற்றுகளை இழந்துவிட்டது. இன்னும் இரண்டு ஓட்டங்களே வேண்டும். களத்தில் நின்றவர்கள் ஷார்ப் என்னும் பந்துவீச்சாளரும் மக்கிறெகரும். ஓட்டம் எடுக்கவியலாது பந்துகள் பல கழிந்தன. ஈற்றில் இருவரும் துணிந்து ஓடினர்; ஓட்டத்தின் நடுவே வெளியேற்றப்படும் நிலை தோன்றியது. ஆனால் அவுஸ்திரேலியராகிய பறற் பதற்றத்தில் எறிந்த பந்து இலக்குத் தவறிச் சென்றது. வெற்றி இங்கிலாந்தின் வசமாயிற்று. லோட்சில் இரண்டாம் இன்னிங்ஸ் முழுவதும் ஆட்டமிழவாது நின்று தம் அணியைத் தாங்கியவரும் அந்தப் பறற்றே. ஒரு மாதத்துக்குள் அவரையே உயர்த்திப் பின் தாழ்த்திய விதியை என்னென்பது! 1891ஆம் ஆண்டின் விஸ்டன் மலர் சிறந்த காப்பாளர் ஐவரைத் தெரிந்து பாராட்டியபோது, பிளக்ஹமோடு மக்கிறெகருக்கும் அதில் இடமளித்தது.

இனி அவருடைய மாரிக்கால வாழ்வைக் காண்போம். முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடி ஆடும் றக்பி உதைபந்தாட்டத்தில் 1890 முதல் 1896 வரை ஸ்கொத்லாந்துக்காகப் பதின்மூன்று சர்வதேசப் போட்டிகளில் அவர் ஆடினார். தொடக்கத்தில் இறுதிக் காவலராகப் பின்னணியில் நின்று, பின்னர் முன்னேறி நடுவரிசையில் ஆடினார். ஸ்கொத்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஆண்டுதோறும் நிகழும் போட்டியின் பரிசு கல்கத்தாக் கிண்ணம். கல்கத்தாவிலிருந்த ஒரு றக்பிக் கழகம் கலைந்தபோது, அதன் வைப்பிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கிண்ணம் அது. அக்கிண்ணத்துக்காக மக்கிறெகர் ஐந்து முறை இங்கிலாந்தை எதிர்த்து ஆடினார். 1890இல் மட்டும் தோல்வி. 1891, 1893, 1894, 1896 ஆகிய நான்காண்டுகளிலும் வெற்றி. 1891இல் வேல்ஸ், அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்றையும் வென்று ஸ்கொத்லாந்து முதன்முறையாக மும்முடி சூடியபோதும் அவர் அவ்வணியில் இருந்தார்.

அப்போட்டிகளில் எதிர்ப்பக்கம் நின்றவர் யாவர்? சாமி வூட்ஸ் இங்கிலாந்தின் றக்பி வீரர். கோடையில் வூட்சின் பந்தைப் பற்றிய கைகளே மாரியில் அவரைப் பற்றி வீழ்த்தவும் நேர்ந்தது. 1893ஆம் ஆண்டு மார்ச்சில் லீட்ஸ் நகரில் ஸ்கொத்லாந்து இங்கிலாந்தை வென்றபோது, ஆங்கில அணியில் ஸ்ரொடாட் ஆடினார். அதே ஆண்டு யூலையில், கிறேஸ் காயமுற்றமையால் லோட்ஸ் டெஸ்ற் போட்டிக்கு ஸ்ரொடாட்டே தலைமை தாங்கினார். அவர்தம் தலைமையின் கீழ் இங்கிலாந்தின் விக்கெற்றைக் காத்து நின்றவர் மக்கிறெகர். நான்கு திங்கள் முன் எதிரியாக நின்றவரிடம் ஒரு நாடு தன் விக்கெற்றை ஒப்படைத்தது. அவரும் அதனைப் பழுதின்றிக் காத்தார்.

இதனைக் கேட்போர் மனத்தில் ஓர் ஐயம் எழலாம். ஒருவன் இரு நாடுகளுக்கு உண்மையாயிருத்தல் கூடுமோ? நம் பாரதக் கதையிலே வீட்டுமர் உள்ளத்தால் பாண்டவரை வாழ்த்திக்கொண்டே உடலாற் கௌரவருக்காகப் போர் புரிந்தார். கன்னன் உடன்பிறந்தார் எனத் தெரிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காக அவர்களையே எதிர்த்து மாண்டான். அவர்களுடைய துயரம் அன்பு ஒரு பக்கமும் கடமை ஒரு பக்கமுமாகப் பிளவுபட்டமையால் விளைந்தது. மக்கிறெகருக்கு அத்தகைய பிளவு நேரவில்லை. அந்நாளில் ஸ்கொத்லாந்துக்கெனத் துடுப்பாட்ட டெஸ்ற் அணி இல்லை. ஆதலால் இங்கிலாந்தின் அணியிற் சேர்வதால் அவர் தம் நாட்டை நீங்கினார் என எவரும் கருதவில்லை. றக்பியிலோ தாய்நாட்டுக்கே ஆடினார். எந்தக் களத்தில் யாருக்கு வாக்களித்தாரோ, அக்களத்தில் அவர்க்கு முழுமையும் உரியவராய் நின்றார். பிற்காலத்தில், 1973 முதல் 1975 வரை, ஸ்கொத்லாந்தவராகிய மைக் டெனெஸ் இங்கிலாந்தின் அணித்தலைவராகவே விளங்கினார். அவ்வழியில் எண்பதாண்டுகளுக்கு முன்னரே நடந்து காட்டியவர் மக்கிறெகர்.

1891-92ஆம் ஆண்டுப் பருவத்தில் ஷெவீல்ட் பிரபு தம் பொருளைச் செலவிட்டு, கிறேசின் தலைமையில் ஓரணியை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். மக்கிறெகரும் உடன் சென்றார். அதனால் 1892ஆம் ஆண்டின் றக்பிப் போட்டிகளை அவர் இழந்தார். மெல்பேணில் 54 ஓட்டங்களாலும் சிட்னியில் 72 ஓட்டங்களாலும் இங்கிலாந்து தோற்றது. அடிலெயிட்டில் ஓர் இன்னிங்சாலும் 230 ஓட்டங்களாலும் வென்றது. இப்பயணத்தின்போது பிரபு அளித்த 150 பவுண் நன்கொடையிலிருந்தே அவுஸ்திரேலிய மாநிலங்கள் இன்றும் போட்டியிடும் ஷெவீல்ட் கேடயம் தோன்றியது. 1893இல் நிகழ்ந்த மூன்று டெஸ்ற் போட்டிகளோடு அவருடைய டெஸ்ற் வாழ்வு முடிவுற்றது. எட்டுப் போட்டிகள், 96 ஓட்டங்கள், பதினான்கு பிடிகள், மூன்று தடிவீழ்த்தல்கள். கணக்கு இவ்வளவே. இதனை மட்டும் நோக்குவோர் அவரைச் சாதாரண ஆட்டக்காரரென்று கடந்து செல்வர்.

1892 முதல் அவர் மிடில்செக்ஸ் கவுண்டிக்காக ஆடத் தொடங்கினார். 1899ஆம் ஆண்டில் அதன் தலைவராகி, 1907 வரை ஒன்பதாண்டுகள் அப்பொறுப்பை வகித்தார். இலண்டன் பங்குச் சந்தையில் தரகர் தொழில் புரிந்து தம் பிழைப்பை நடாத்தியவர் அவர். ஆட்டத்துக்கென ஊதியம் பெறாதவர். அக்காலத்தில் இங்கிலாந்தின் ஆட்டக்காரர் இரு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஊதியமின்றி ஆடுவோர் கனவான்கள்; ஊதியம் பெறுவோர் தொழிலாளர். கனவான்களின் பெயருக்கு முன் முதலெழுத்துகளிட்டு அச்சிடுவர். தொழிலாளரின் பெயரை வேறுவிதமாக எழுதுவர். இருசாராரும் வெவ்வேறு அறைகளில் உடைமாற்றி, பல மைதானங்களில் வெவ்வேறு வாயில் வழியே களம் புகுவர். இப்பிரிவு 1962ஆம் ஆண்டுப் பருவத்தின் பின்னரே ஒழிந்தது. மக்கிறெகரின் மிடில்செக்ஸ் அணியிலும் வோணர், பொசன்கே முதலான கனவான்களும், ஜே. ரி. ஹேண், அல்பேட் ட்றொற் முதலான தொழிலாளரும் கலந்திருந்தனர். துடுப்பாட்டக்காரரை மயக்கும் கூக்ளி என்னும் பந்துவீச்சைப் பொசன்கே 1900ஆம் ஆண்டளவிற் களத்திற் கொணர்ந்தபோது, மக்கிறெகரே அவருடைய அணித்தலைவர். பலரும் வேடிக்கையென நகைத்த அப்பந்து, பின்னர் உலகெங்கும் பரவிற்று.

அவர் வாழ்வில் ஒரு கசப்பான நிகழ்ச்சியும் உண்டு. 1902ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெஸ்ற் அணியைத் தெரிவு செய்யும் மூவருள் அவரும் ஒருவர். ஏனையோர் ஹோக் பிரபுவும் பெயின்பிறிட்ஜும். மான்செஸ்ரர் போட்டிக்கு அவர்கள் அனுப்பியவர்களிலிருந்து அணித்தலைவர் மக்லாரன் ஹேர்ஸ்ற்றை விலக்கிவிட்டு, பிறெட் டேற் என்பவரைச் சேர்த்தார். டேற் முக்கியமானதொரு பிடியைத் தவறவிட்டார். கடைசி ஆட்டக்காரராகச் சென்று, வெற்றிக்கு நான்கு ஓட்டங்கள் வேண்டியிருந்தபோது தடிகளை இழந்தார். அவுஸ்திரேலியா மூன்று ஓட்டங்களால் வென்றது. முந்திய போட்டிகளில் ஆடிய ஜெசப் இப்போட்டிக்கு எடுக்கப்பட்டிலர். அடுத்த ஓவல் போட்டியில் அவரே மீண்டும் வந்து 104 ஓட்டங்களைக் குவித்து ஒரு விக்கெற் வெற்றிக்கு வழிகோலினார். பிழை தெரிவாளருடையதா, மக்லாரனுடையதா என்னும் வாதம் இன்றளவும் ஓயவில்லை. எவர் மீது பழி விழினும், மூவரின் முடிவில் மக்கிறெகருக்கும் பங்குண்டு. ஆட்டக்காரராக அவர் பெற்ற நற்பெயரும் அப்பங்கை நீக்குவதற்கில்லை.

மறு ஆண்டே வேறொரு காட்சி. 1900, 1901, 1902 ஆகிய மூன்றாண்டுகளும் கவுண்டி வெற்றிப்பட்டம் யோக்சயரிடமே இருந்தது. 1903இல் மக்கிறெகரின் மிடில்செக்ஸ், போட்டியில் ஒன்றில் மாத்திரமே தோற்று, அப்பட்டத்தை வென்றது. பெரும்புகழ் படைத்த பலரை ஒருங்கே நடாத்துதல் எளிதன்று. கனவானுக்கும் தொழிலாளிக்கும் இடையே வேறுபாடு மிகுந்த அக்காலத்தில், விக்கெற்றின் பின்னே நின்று ஒவ்வொருவருடைய பந்தையும் தம் கையால் ஏற்ற தலைவர், எவர் களைத்தார், எவர் ஊக்கமுற்றார் என்பதைப் பிறரினும் விரைந்து அறிந்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

1907ஆம் ஆண்டுடன் தலைமையை வோணரிடம் ஒப்படைத்து விலகினார். ஆயினும் கழகத்தை அவர் கைவிடவில்லை. அதன் மதிப்பார்ந்த பொருளாளராக இறுதிவரை பணியாற்றினார். களத்திற் பந்தைக் காத்தவர் பின்னாளில் கழகத்தின் பணத்தைக் காத்தார். அவருடன் ஆடியவர்களுள் இருவரின் முடிவு துன்பமானது. ட்றொற் 1914ஆம் ஆண்டிலும் ஸ்ரொடாட் 1915ஆம் ஆண்டிலும் துப்பாக்கியால் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். ஆரவாரம் ஓய்ந்த பின் வாழத் தெரியாது தவித்தோர் பலர். மக்கிறெகருக்கோ ஆரவாரம் முன்னரும் பெரிதாக இருந்ததில்லை. ஆதலின் அது நீங்கியதும் அவருக்கு இழப்பாகத் தோன்றவில்லை போலும்.

1919ஆம் ஆண்டு ஓகஸ்ற் 20ஆந் திகதி இலண்டனில் அவர் காலமானார். ஐம்பது வயது நிறைவதற்குப் பதினொரு நாட்களே எஞ்சியிருந்தன. அடுத்த ஆண்டு, வோணரின் தலைமையில் மிடில்செக்ஸ் மீண்டும் வெற்றிப்பட்டம் சூடியது. அதனைக் காண மக்கிறெகர் இல்லை.

ஒருவனுடைய பெருமையை அவன் சேர்த்தவற்றைக் கொண்டே அளத்தல் உலக வழக்கு. அவன் இழக்காது காத்தவற்றைக் கொண்டு அளப்பார் அரியர். பயிருக்கு வேலி கதிர் தருவதில்லை. ஆயினும் வேலியின்றி விளைச்சல் வீடு சேர்வதில்லை. மக்கிறெகரின் தொண்ணூற்றாறு ஓட்டங்களை எண்ணி அவரை மதிப்பிடுவோர், வேலியிலே கதிரைத் தேடுவோரை ஒப்பர். ஒருகாலத்திற் சட்டத்தால் மறுக்கப்பட்ட பெயரைத் தாங்கி, இரு நாடுகளும் தம்மிடம் ஒப்புவித்ததைச் சிந்தாமற் காத்து மீண்டார் அவர். லோட்ஸ் மைதானத்தின் பழைய ஓட்டக் கணக்கில் பைக்குரிய இடத்தில் நிற்கும் அந்தப் பூச்சியம், நூறு ஓட்டங்களுக்கு ஈடாக வைத்து எண்ணத்தக்கது.